மேசைக்கடியில் மைக் செட்காரர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கழுத்துச் சுளுக்கிலிருந்து பிறந்தது.

அக்கா மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் வரவேற்கும் நாள். அத்தான் வெளியூரில் இருந்ததால், தாய்மாமன் என்ற தகுதியில் நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அரங்கமே பின்னால் திரும்பியது. நானும் வெடுக்கென்று திரும்பினேன். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை, அதற்கடியில் ஒரு மனிதரின் முதுகு.

நான் பார்த்தது அவ்வளவுதான்; கழுத்து பிடித்துக்கொண்டதில் தைலம் தேடி வெளியே போய்விட்டேன். மீதியில் பாதி அக்கா விசாரித்துச் சொன்னது, பாதி என் கைச்சரக்கு. எது எதுவென்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலை வானம்…' வேண்டாம். வானத்தில் ஆரம்பித்தால் தரைக்கு இறங்க நாலு பக்கமாகும்.

இரண்டாவது: 'ஒலி என்பது உண்மையில்…' இதுவும் வேண்டாம். எனக்கே தெரியாது.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். அந்த அரங்கத்தில், ஒரு காய்ச்சல் நாளைத் தவிர, பதினோரு வருடமாக ஒரே மைக் செட்காரர்தான். அவர் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலை ஒழுங்காக நடந்தால் அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மைக் ஊளையிட வேண்டும், அல்லது ஊமையாக வேண்டும். அப்போதுதான் தலைகள் திரும்பும். பதினோரு வருடத்தில் அவரை ஒரு தலைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு.

வரவேற்பு நாளின் வழக்கம் எளிமையானது. பதிவாளர் பெயரை வாசிப்பார். பிள்ளை மேடையேறும். குடும்பத்தார் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்பார்கள், ஒருவர் மைக்கை வாங்கித் தான் யாரென்று ஒரு வரி சொல்வார்.

(பதிவாளர் நல்ல மனிதர். ஆனால் எந்தப் பெயரிலும் பின்பாதியை விழுங்கிவிடுவார். சரியாக அந்த இடத்தில் ஒலியளவுத் திருகை ஒரு மயிரிழை கூட்டினால்தான் முழுப்பெயரும் வெளியே வரும். இது மைக் செட்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இப்போது நமக்கும்.)

இந்த வருடம் அந்தப் பட்டியலில் அவர் மகள்.

3

அன்று காலை வீட்டில் சண்டை.

"குடும்பம்னா பக்கத்துல உக்காரணும்பா. வேற யாரையாவது அனுப்பு."

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் காய்ச்சல்ல கெடந்தேனே, வேற ஆளு போனான். பாதிப் பேரு பேரே கேக்கல. உன் பேரையும் அப்படி விடச் சொல்றியா?"

"கேக்காட்டி போகுது. நீ இல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"எந்திரிப்ப. கூப்பிட்டா எந்திரிப்ப."

அம்மாக்காரி நடுவில் புகுந்தாள். "கல்லப் பத்திப் படிக்கப் போறவளும் கல்லு, பெத்தவரும் கல்லு. கிளம்புங்க ரெண்டு பேரும்." (மகளுக்குக் கிடைத்தது நிலவியல்.)

அரங்கத்தில் அம்மாவும் மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. பின்னாலிருந்த மைக் செட்காரரின் கண் அந்தக் காலி நாற்காலிக்கே போய்ப் போய் வந்தது. ஆனாலும் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

4

அவள் முறை வந்தது.

காதில் ஹெட்போன், கண் மிக்ஸரின் விளக்குகளில். பதிவாளர் வாசிக்கத் தொடங்கினார். விழுங்கப்போகும் நொடியில் திருகு மயிரிழை நகர்ந்தது. பெயர் முழுசாக, சுத்தமாக, கடைசிச் சுவர்வரை போய் முட்டி நின்றது. பதினோரு வருடத்தில் அந்த அரங்கத்தில் அப்படி ஒரு பெயர் ஒலித்ததில்லை. போதும், வந்த வேலை முடிந்தது என்று நினைத்தார்.

மகள் எழுந்தாள். மேடையேறினாள். அம்மாவின் கையில் மைக் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மேடையிலிருந்து மகள் கையை மட்டும் உயர்த்தி, அரங்கத்தின் கோடியைச் சுட்டிக்காட்டினாள்.

அறுநூறு தலைகள் திரும்பின. என்னுடையதும்தான்.

மைக் செட்காரர் நிமிர்ந்தார். தன்னை வெறிக்கும் அறுநூறு முகங்களைப் பார்த்தார். போச்சு, மானம் போச்சு, அதுவும் இவள் முறையில்! பாய்ந்து மேசைக்கடியில் புகுந்து ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை இன்னும் கலங்கடித்தது.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இவ்வளவு விவரமான மனிதர் இப்படியா முழிப்பார்? முழிப்பார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பும் தலைக்கு ஒரே அர்த்தம்தான் அவருக்குத் தெரியும்.)

ஹெட்போனில் சடசடவென்று சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா? கழற்றினார். கழற்றியும் சத்தம் நிற்கவில்லை.

கைதட்டல்.

5

முடிவு அ: அவர் ஓடிப்போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அடித்துவிட்டேன். மிக்ஸரை யார் பார்த்துக்கொள்வது? அவரே ஒப்பமாட்டார்.

முடிவு ஆ: அவர் தேம்பித் தேம்பி… என் மனைவி படித்துவிட்டு, "உங்க கதையில வர்ற ஆளுங்களுக்கு அழறதத் தவிர வேற வேலையே இல்லையா?" என்றாள். அதுவும் போயிற்று.

மேசைமேல், சோதனைக்கென்று வைத்திருக்கும் பழைய மைக் கிடந்தது. அதில் அவர் இதுவரை காலி நாற்காலிகளிடம் மட்டுமே பேசியிருக்கிறார். வெளியே வந்து அதை எடுத்தார். அரங்கம் அடங்கியது. ஒரு வரி சொல்ல வேண்டும். வாய்க்குப் பழகிய வரிதான் வந்தது.

"ஹலோ… செக்… கேக்குதா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. மேடையிலிருந்து, மைக் இல்லாமலே, மகள் கத்தினாள்:

"நல்லா கேக்குதுப்பா!"

மைக் செட்காரரும் சிரித்துவிட்டார். முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, மைக்கை வாயருகே கொண்டுபோனார். தான் யாரென்று சொல்லும் அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.

அதை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அடித்துவிட்டேன். அக்காவுக்கு அது அப்படியே நினைவிருக்கிறது, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அளவெல்லாம் அவர் சரியாக வைத்திருக்கிறார், ஊளை வராது. நீங்களே சொல்லுங்கள். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டு. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.