யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, முழங்கால் இடிச்சாலும் பரவாயில்லை. சந்தேகம் பிடித்த ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன். அவளைத் திட்டுவதென்றால் கேட்டு முடித்தபிறகு திட்டுங்கள், நடுவில் வேண்டாம்.

அவள் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாமி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சாமியே இல்லை என்கிற வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மாடிப்படி முடிகிற இடத்தில், ஓட்டைப் பந்துகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து, தினமும் முதல் மணிக்குப் பத்து நிமிடம் பிள்ளைகளை உட்கார வைத்தார் கணக்கு டீச்சர். "வீட்டுல யாரைக் கூப்பிடுவீங்களோ அவங்களை மனசுக்குள்ள கூப்பிடுங்க. யாரும் இல்லைன்னா மூச்சை எண்ணுங்க" என்பார். ஒரே ஒரு சட்டம். அந்த அறைக்குள் யாரும் தங்கள் சாமியின் பொருளையோ எழுத்தையோ வைக்கக் கூடாது; வைத்தால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடையாது. பெற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நடந்துபோகிற தூரத்தில் வேறு பள்ளியும் இல்லை.

உட்கார இருபது குஷன் தைக்கும் வேலை தையல்காரிக்கு வந்தது.

"என்ன கலர் டீச்சர்?"

"யாரும் எங்களுதுன்னு சொல்லாத கலர்."

பச்சைக்கு ஒருவர், மஞ்சளுக்கு ஒருவர், வெள்ளைக்கும் கறுப்புக்கும் கூட ஆள் இருந்தார்கள். கடைசியில் சாக்கு நிறத்துக்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

"சாக்கு எங்க கடையோடதுன்னு நான் கேஸ் போடப் போறேன்" என்றாள் பக்கத்து ரொட்டிக்கடைக்காரி. அவள் மகனும் அதே வகுப்புதான். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண்ணை மூடுன்னு சொல்றவ கையைப் பார்த்துக்கோ அக்கா. ஏதோ சாமிக்கு ஆள் பிடிக்கிறாங்க."

"யாருக்கு?"

"அதான் தெரியலை. உங்க ஆளோன்னு நினைச்சேன்."

"எங்க ஆளா? நான் உங்க ஆளுன்னுல்ல நினைச்சேன்!"

அன்று இரவு மகள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் கண்ணை மூடினாள்.

"யாரைடி கூப்பிட்டே?"

"அது உள்ள நடக்கிறதும்மா. கேக்கக் கூடாது."

பிள்ளையைப் பிடித்தே விட்டார்கள் என்று முடிவு கட்டினாள் தையல்காரி. கடைசிக் குஷன் இன்னும் கையில் இருந்தது. கும்பிடுகிற இடத்தில் விரித்திருந்த துணியில் விரல் நீளம் நறுக்கி, பஞ்சோடு பஞ்சாக வைத்துத் தைத்துவிட்டாள். என்றைக்காவது ஒரு நாள் மகள் அதில் உட்காராமலா போய்விடுவாள்!

நாலு மாதம் கழித்து, டீச்சரே குஷன்களை மூட்டையாகத் தூக்கி வந்தார். "பஞ்சு கட்டி தட்டிப்போச்சு. பிரிச்சு உதறிக் கொடுங்க. நானும் கூட உக்காந்து உதவுறேன்."

வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் தையல்காரி. தன் குஷனை அடியில் தள்ளிவிட்டு முதல் குஷனை எடுத்தாள். மூலையில் அவள் போடாத தையல். மாவு மூட்டை தைக்கிற தடித்த நூல். பெற்றவர்கள் அறையைச் சுற்றிப் பார்க்க வந்தார்களே ஒரு நாள், அன்று நடந்த வேலை! உள்ளே ஒற்றைப் பாசிமணி. அடுத்ததில் நாலாய் மடித்த ஒரு வேண்டுதல் சீட்டு. இன்னொன்றில், "மேலே யாரும் இல்லை, பயப்படாதே மகனே" என்று ஒரு அப்பாவின் கோழிக்கிறுக்கல்.

டீச்சர் ஒவ்வொன்றையும் மேசைமேல் வைத்துக்கொண்டே வந்தார். பத்தொன்பது குஷன் பிரித்ததில் ஒன்பது ஆயிற்று.

"உங்க பிள்ளைங்களை நான் என்ன பண்ணிடுவேன்னு எல்லாரும் நினைச்சீங்க?"

மிச்சம் ஒன்றுதான். நேரமாச்சு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். மகளின் இடம் தப்பித்துவிடும். ஆனால் அடுத்த வீட்டுக் குட்டை இத்தனை நேரம் உடைத்த கத்தரி, தன் குஷனிடம் மட்டும் எப்படி மொண்ணையாகும்? வெட்டினாள்.

"இது என்னோடது டீச்சர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை அனுப்பிடாதீங்க."

டீச்சர் அந்தத் துணித் துண்டையும் மேசைமேல் வைத்தார். "சட்டப்படி பத்துப் பிள்ளைங்க போகணும். யாருது எதுன்னு நான் கேக்கப் போறதில்லை. நாளைக்கு எல்லா வீட்டுல இருந்தும் ஒருத்தர் வந்து பத்து நிமிஷம் உக்காரட்டும். வந்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் உண்டு."

"எங்களையும் சேர்த்து ஆள் பிடிக்கவா?" வாய் தவறி வந்துவிட்டது.

"ஆமான்னா நம்புவீங்களா, இல்லைன்னா நம்புவீங்களா?"

தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தாள்.

மறுநாள் போனாள். மகள் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்து, இமையை அரைக்கால் திறந்து வைத்துக்கொண்டாள். எதிரே ரொட்டிக்கடைக்காரியும் ஒற்றைக் கண்ணால் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று இருவரும் மூடினார்கள். பத்து நிமிடத்தில் இப்படி நாலு தடவை.

தையல்காரி டீச்சரின் கையைப் பார்த்தாள். சும்மா மடியில் கிடந்தது. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அப்போது மகளின் உதடு லேசாக அசைந்தது. ஒரு சொல்லாவது பிடிபடாதா என்று தாய் அந்தப் பக்கம் சாய்ந்தாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டது. தாய்க்குச் சுருக்கென்றது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கேட்டுவிடும்.

சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான் தங்கங்களா. உங்க வீட்டு அடுப்பு அணையாம எரியட்டும், ஒருத்தருக்கொருத்தர் கதவு திறக்கிற கை நோகாம இருக்கட்டும், உங்க பிள்ளைங்க மனசுல நல்லதே குடியிருக்கட்டும். பார்த்துப் போங்க.