ஞாயிறு ஒரு மணிக்கு அடித்த தொலைபேசி

என் கணவர் அர்மானோடு அறுபது ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அத்தனை ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் நடுவே அவர் எழுந்தது ஒரே ஒரு முறைதான். அவர் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அந்த ஒரு முறையைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி எகிப்தில், மன்சூராவில் இருக்கிறாள்.

அவள் பெயர் நக்லா. எண்பத்து நான்காம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, பிரான்ஸில் எங்கள் பெசான்சோன் நகரத்து மொழிப்பள்ளிக்கு பிரெஞ்சு படிக்க வந்தாள். வயது இருபத்தொன்று. வெளிநாட்டு மாணவர்களைத் தங்கவைக்க வீடு தேடிப் பள்ளியிலிருந்து ஆள் வந்தபோது சரி என்று சொன்னது நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, மேல் அறை சும்மா கிடந்தது. அர்மான் கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, வீட்டிலிருந்த எல்லாக் கடிகாரங்களையும் பிரித்துப் பூட்டி முடித்திருந்தார்.

"வரட்டும். நீ பேசுறதக் கேக்க இன்னொரு ஆள் வந்தா எனக்கும் கொஞ்சம் ஓய்வு," என்றார்.

அவள் பன்றிக்கறி சாப்பிட மாட்டாள் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அர்மான் தன் தொத்திறைச்சிகளையெல்லாம் நிலவறையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். பிறகு ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நாளுக்கு இரண்டு முறை கீழே போய்வந்தார். வரும்போது மீசையைத் துடைத்துக்கொண்டே வருவார். நக்லா அதைக் கவனித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். நாங்கள் அவளை நன்றாக வைத்திருப்பதாகத்தான் நினைத்தோம்.

முதல் வாரம் முழுக்க அவள் அரை வயிற்றோடு படுத்தாள் என்பது எனக்கு மார்ச் மாதம்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்பேன். "போதும், மதாம்," என்பாள். பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவர்கள் ஊரில் வீட்டுக்காரர் மூன்று முறையாவது கேட்க வேண்டுமாம். முதல் இரண்டு முறை வேண்டாம் என்பதுதான் விருந்தாளிக்கு அழகு. எங்கள் பக்கத்தில் ஒரு முறைதான் கேட்போம். வேண்டாம் என்றவரை மறுபடி கேட்டால் அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஆகிவிடும். இந்த விஷயத்தை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அதற்குள் வேறொரு விஷயத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அப்பா மன்சூரா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். இதயத்தில் கோளாறு. அந்த மாதம் கெய்ரோவில் அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். போகாமல் உங்களோடு இருக்கிறேன் என்று மகள் சொன்னபோது, படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகை ஒரு வருஷம் காத்திருக்காது என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தவர் அவர்தான். அவர்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று டிரங்க் கால் போட வேண்டும். ஞாயிறுதோறும் எங்கள் நேரப்படி மதியம் ஒரு மணிக்கு அழைப்பதாகப் பேசிவைத்திருந்தார்கள். ஞாயிறு பிரெஞ்சுக்காரர்களுக்கு விடுமுறை, மதியம் எந்த வீட்டிலும் ஆள் இருக்கும், யாருடைய தூக்கத்தையும் கெடுத்ததாக ஆகாது என்று அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்த நேரம் அது. சிகிச்சைக்குப் போகுமுன் மகளின் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு மேசையில் உட்கார்ந்தால் எழும்போது இரண்டரை ஆகிவிடும். அதற்கிடையில் தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. இது அர்மானின் சட்டம். முப்பத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் இருபது நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்தவர் அவர். "ஆறு நாள் சங்கு ஊதினா எழுந்திரிச்சேன். ஏழாவது நாள் எந்த மணிக்கும் எழுந்திரிக்க மாட்டேன்," என்பார். எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் அழைக்கவும் மாட்டார்கள். ஆகவே, அழைப்பது தெரியாத ஆள் என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

முதல் ஞாயிறு அர்மான் மேசையில் சுட்ட கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நடைக்கூடத்துச் சுவரில் தொலைபேசி அடித்தது. நக்லா பாதி எழுந்துவிட்டாள். "மன்னிக்கணும், ஃபோன்..." என்றாள். அர்மான் கத்தியைப் பிடித்த கையாலேயே உட்காரச் சொன்னார். "அது கிடக்கட்டும். கோழிக்குத்தான் ஆறிப்போற கவலை, ஃபோனுக்கு இல்ல." அவள் உட்கார்ந்தாள். தொலைபேசி எட்டு முறை அடித்து ஓய்ந்தது. அவளுக்குத் தொடைக்கறியை வைத்தார், அதுதான் அவருக்குப் பிடித்த துண்டு.

பிறகு நான் பாத்திரம் கழுவ, அவள் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எடுக்கவே மாட்டீர்களா என்று கேட்டாள். மாட்டோம் என்று சொல்லி அடுத்த தட்டை நீட்டினேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏன் கேட்டாய் என்று நான் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. துணி நனைந்துவிட்டது, வேறு துணி எடுத்துக்கொள் என்றேன்.

அடுத்த ஞாயிறு அர்மானின் அக்கா ழெர்மேன் வந்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆப்பிள் பணியாரத்தோடு வந்து தம்பியைச் சீண்டிவிட்டுப் போவது அவள் வழக்கம். சரியாக ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நக்லாவின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று பார்த்தேனா என்று சத்தியம் செய்ய முடியாது. அதற்குள் ழெர்மேன் முந்திக்கொண்டாள்.

"எடுடா அர்மான். உன்னோட பழைய ஆசைக்காரி யாராவது இருப்பா. உன் பொண்டாட்டி ஓதில் கோவிச்சுக்க மாட்டா."

"ஆசைக்காரின்னா என் சாப்பாட்டு நேரம் தெரிஞ்சிருக்கும்," என்றார் அவர்.

மணி நிற்கவில்லை. ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. நான் சொன்னேன்:

"சாப்பிடுற நேரத்துல இப்படிக் கூப்பிடுறவங்களுக்கு வளர்ப்பு சரியில்லன்னு அர்த்தம்."

ழெர்மேன் சிரித்தாள். நக்லா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பதினொன்று அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆறு. பிறகு இல்லை. அவள் முகம் சிவந்திருந்தது. நாங்கள் ஊற்றிக்கொண்ட ஒயினைப் பார்த்துச் சங்கடப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். இனிமேல் பதினொரு மணிக்கு அழையுங்கள் என்று. மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அஞ்சலில் சேர்த்தாள். அந்தக் கடிதம் மன்சூரா போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆனது.

மூன்றாவது ஞாயிறு ஒரு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அவள் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். சீஸ் வந்தது, பழம் வந்தது. எதையும் தொடவில்லை. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மதாம் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். அவள் பள்ளியிலிருந்து வரும்வரை அடுக்களை அலமாரிமேல் வைத்திருந்தேன். நின்றபடியே பிரித்துப் படித்தாள். அவள் அண்ணன் அனுப்பியிருந்தான். அப்பா செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சையின்போது இறந்துவிட்டார். அடக்கம் ஆகிவிட்டது. நீ வரவேண்டாம், படி.

படித்துவிட்டு அதை எனக்கும் காட்டினாள். அர்மான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். இப்படிப்பட்ட நேரத்தில் சொல்லவேண்டியதை நான் சொன்னேன். அவள் தந்தியை நான்காக மடித்தாள்.

"ரெண்டு ஞாயிறு கூப்பிட்டாரு," என்றாள்.

எங்கே என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இங்கதான், மதாம். ஒரு மணிக்கு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது, அர்மான் என் கையைப் பிடித்தார். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"நீங்க வளர்ப்பு சரியில்லன்னு சொன்னீங்க. அது எங்கப்பான்னு சொல்ல வாய் வரல. அவரப் பத்தி நீங்க மொதமொதல்ல தெரிஞ்சுக்கிறது அதுவா இருக்க வேணாம்னு நெனச்சேன். கடுதாசி போட்டு நேரத்த மாத்திட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அர்மான் நிலவறைக்கு இறங்கிப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை ரொட்டி அறுத்துக்கொண்டே, இரண்டாவது வாரம் தொலைபேசி எத்தனை முறை அடித்தது என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

"அப்புறம் ஆறு," என்றார்.

அவரும் எண்ணியிருக்கிறார். எழுந்திரிக்காமல் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். நானும் அப்படித்தான்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. என்னிடம் கேட்டதில்லை, அக்காவிடம் கேட்டதில்லை. தவறு செய்துவிட்டால் ஏதாவது ஒன்றைப் பழுது பார்ப்பார். நான்காவது ஞாயிறு காலை பெரும் சத்தம் கேட்டுக் கீழே வந்தேன். சாப்பாட்டு மேசையின் கால்களைக் கழற்றி, கதவு வழியாக வெளியே எடுத்து, நடைக்கூடத்தில் மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியின் ஒயர் சாப்பாட்டு அறைவரை எட்டவில்லை என்பதால் மேசையைத் தொலைபேசியிடம் கொண்டுபோய்விட்டார். அந்த நடைக்கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். மேசை போட்ட பிறகு நாங்கள் சுவரோடு முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடிந்தது. மேலங்கிகள் தொங்கும் கொக்கிகளுக்குக் கீழே அவருடைய இடம். தொலைபேசிக்கு நேர் கீழே நக்லாவின் நாற்காலி.

ழெர்மேன் வந்து கதவைத் திறந்தவள் மேசையில் இடித்துக்கொண்டாள். "என்னடா இது, வீட்ட விக்கப் போறியா?" என்றாள். நான் அவள் காதோடு விஷயத்தைச் சொன்னதும், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

நக்லா இறங்கி வந்தாள். மேசையைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள், கொக்கிகளுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்த அர்மானைப் பார்த்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்று நான் மூன்று முறை கேட்டேனா? இல்லை, அந்தப் பழக்கம் அப்போது எனக்குத் தெரியாதே. ஒரு முறைதான் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஒரு மணி ஆனது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். யாரும் அழைக்கப்போவதில்லை என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

ஒன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

நக்லா அசையவில்லை. கையைத் தூக்கினால் எட்டும் தூரம். அவளால் முடியவில்லை. அர்மான்தான் எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒயின் கோப்பை சாய்ந்து விரிப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது. ழெர்மேனின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு, கழுத்தில் செருகிய துணியோடு போய், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார். மூன்றாவது மணி அடிப்பதற்குள்.

யாரோ ஒரு பெண். பூக்கடையைக் கேட்டாள். தவறான எண்.

"பரவாயில்ல, மதாம்," என்றார் அர்மான். "இல்ல, தொந்தரவே இல்ல. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நக்லா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் போய், அதுவே அழுகையாயிற்று. தந்தி வந்ததிலிருந்து அவள் அழுது அன்றுதான் பார்த்தோம். அர்மான் தன் கழுத்துத்துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அதில் கோழிக்குழம்பு பட்டிருந்தது. அவள் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் அவள் ஊருக்குத் திரும்பும்வரை மேசை நடைக்கூடத்திலேயே இருந்தது. அஞ்சல்காரருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மதியமும் மணி அடிக்கவில்லை.

இருபத்து நான்கு ஆண்டுகள் அவள் எங்களுக்குக் கடிதம் எழுதினாள். மன்சூராவில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள். கல்யாணம், இரண்டு மகன்கள், எல்லாம் கடிதத்தில்தான். தொலைபேசியில் ஒரு முறைகூட அழைத்ததில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

அர்மானை அடக்கம் செய்தது ஒரு புதன்கிழமை. அவளுக்கு எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, தனியாக உட்கார்ந்து கஞ்சிபோல ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எங்களைத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் அழைக்க மாட்டார்கள்.

எனக்கு முழங்கால் சரியில்லை. மேசையைப் பிடித்து எழுந்து, நாற்காலியை நகர்த்தி, சுவரைத் தடவிக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போய்ச்சேர நேரமாகிவிட்டது. நக்லாதான். அவருக்காக அழுதாள். நானும். பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது, இல்லை, பாதியில் எழுந்து வந்தேன் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அழைக்கிறாள். ஒயர் இல்லாத தொலைபேசி ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் போய்ச்சேர்வதற்குள் சில நாள் ஒன்பது முறை அடிக்கும், சில நாள் பதினொன்று. அவள் வைத்துவிடுவதில்லை. வாயில் இருப்பதை விழுங்கக்கூட நிற்காமல் போய் எடுத்து, வாய் நிறையச் சோற்றோடுதான் அவளிடம் பேச ஆரம்பிக்கிறேன்.