பெத்துராஜ் வாய் திறக்காத நேரம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தின் இளைய மகனான திரு. பெத்துராஜை நான் மணந்துகொள்வதா, வேண்டாமா என்பதை அன்று மாலைக்குள் என் தந்தையாரிடம் தெரிவிக்க வேண்டியிருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு, மழை விட்டிருந்த காலம். இரு வீட்டாருக்கும் முழுச் சம்மதம். எனக்கு மட்டும் ஒரு சிறு தயக்கம். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் காபி ஆறும்வரை பேசினார். ஆறிய பின்னும் பேசினார். வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க என் செவிகளுக்கு வலிமை உண்டா என்பதே கவலை.

அதற்கு முன் அவருடன் ஒருமுறை வெளியே நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். தந்தையார் திகைத்தார். என் அண்ணன் யோசேப்பும் உடன் வருவார் என்ற பிறகே இசைந்தார். அண்ணன் மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். குரங்கணிக்கு மேலே, ஆற்றின் ஒரு கரை வழியே காட்டுக்குள் சென்று, பாறைகளில் தாண்டி, மறுகரை வழியே ஜீப் நிற்கும் இடத்துக்கே திரும்பிவிடும் எளிய பாதை ஒன்றை அவர் அறிவார். நானோ பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்துகிறவள். மலையணிலைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேனே தவிர, கண்ணால் கண்டதில்லை.

திரு. பெத்துராஜ் பளீரென்ற வெள்ளை வேட்டி சட்டையில் வந்திறங்கினார்.

"காட்டுக்குப் போறோம் மாப்ளே. நீங்க கோயிலுக்கு வந்தது மாதிரில்ல வந்திருக்கீங்க" என்றார் அண்ணன்.

"டீச்சர் பாக்கத்தானே அண்ணே போட்டேன். மிருகமா என்னைய மாப்பிள்ளை பாக்க வருது?"

நடக்கத் தொடங்கினோம். அவரும் பேசத் தொடங்கினார். அந்த வருட மழையைப் பற்றியும், ஏலக்காய் விலையைப் பற்றியும், தம் அத்தையின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். எங்கோ தட்டிக்கொண்டிருந்த மரங்கொத்தி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. ஆற்றில் நீர் குடித்த பறவைகள் நாங்கள் வருமுன்னரே விடைபெற்றன.

"கொஞ்சம் பேசாம வர முடியுமாங்க?" என்று பணிவுடன் கேட்டேன்.

"தாராளமா டீச்சர். எதுவரைக்கும்?"

"ஆறு வளையுற இடம் வரைக்கும்."

"அது வளைஞ்சுக்கிட்டேதானே வருது!" என்று கலங்கியவர், ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்.

வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு பாறையின் மேல், மழை கழுவி வெயில் உலர்த்திய ஏலவிதைகள் சிறு குவியலாகக் கிடந்தன. ஏலக்காய் வியாபாரிகளின் கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சரக்கைக் கண்டால், யோசிக்கும் முன்னரே அது எடுத்துவிடும். திரு. பெத்துராஜ் அள்ளினார், உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், இரண்டைக் கடித்தார்.

"யாரோ சிந்திட்டுப் போயிருக்காங்க அண்ணே. நல்லா முத்துன காயி. காரம் நிக்குது. வாசனைதான்..." இன்னொன்றையும் கடித்தார். "என்னமோ போல இருக்கு."

அண்ணன் முகத்தில் ஆழ்ந்த அனுதாபம் தெரிந்தது.

"அது சிந்துனது இல்ல மாப்ளே. ராத்திரியில மரநாய் தோட்டத்துக்குள்ள வந்து பழத்தைத் திங்கும். விதை செரிக்காது. இங்கன பாறைமேல வந்து வெளிக்கிருந்துட்டுப் போகும்."

"அப்ப இது..."

"அதேதான்."

அடக்கிக்கொள்ளத்தான் முயன்றேன், இயலவில்லை. உரக்கச் சிரித்துவிட்டேன். சிரித்த மறுகணமே அச்சம் வந்தது. இதைவிடச் சிறிய சிரிப்புக்காக என் சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டில் கை நனைப்பதையே நிறுத்தியிருக்கிறார்.

திரு. பெத்துராஜ் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"ஆனாலும் தரம் பாத்துத்தான் தின்னுருக்கு டீச்சர். எங்க கடையில இப்படி ஒரு ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்கு ஓடினார்.

வாய் நிறைய நீரை அள்ளிக் கொப்பளிக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். கன்னங்கள் உப்பியிருந்தன. கண்கள் என் தலைக்கு மேலே நிலைத்திருந்தன. ஒரு விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது.

திரும்பினேன். தாழ்ந்த கிளையில், பின்னங்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி ஒரு மலையணில் பழம் தின்றுகொண்டிருந்தது. செம்பழுப்பு முதுகு. வால் உடலைவிட நீளம். நான் கரும்பலகையில் மிகவும் குட்டையாக வரைந்து வந்திருக்கிறேன். அது அவசரமே படவில்லை. தோலை அண்ணன் தலையில் போட்டது. நாங்கள் மூவரும் மூச்சைக்கூட அளந்துதான் விட்டோம்.

அதை ரசிப்பதற்கு நடுவே ஒருமுறை திரு. பெத்துராஜைப் பார்த்தேன். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. துப்பினால் சத்தம் கேட்கும். சற்றுத் தவித்தவர், கண்களை இறுக மூடிக்கொண்டு வாயிலிருந்ததை முழுவதும் விழுங்கிவிட்டார்.

அணில் தின்று முடித்து, கிளைக்குக் கிளை தாவி மறைந்தது.

"துப்பியிருக்கலாமே?" என்றேன்.

"துப்புனா ஓடிருமே. நீங்க பாத்துக்கிட்டுல்ல இருந்தீங்க."

பாறைகளில் தாண்டி மறுகரைக்கு வந்ததும், அவர் அத்தையின் மற்ற முழங்காலைப் பற்றி ஆரம்பித்தார். ஜீப் கண்ணுக்குத் தெரிந்தபோது அண்ணன் என்னருகே வந்து, "அப்பாகிட்ட என்னன்னு சொல்ல, ரெபேக்கா?" என்று கிசுகிசுத்தார்.

நான் திரு. பெத்துராஜிடம் திரும்பினேன். "இந்தக் காட்டுல கருமந்தியும் இருக்குமாம். இன்னொரு தடவை வந்து பாப்போமா?"

"வருவோம் டீச்சர்! அண்ணே, உங்களுக்கு என்னைக்குத் தோதுப்படும்?"

"அண்ணன் எதுக்குங்க?" என்றேன். "அவருக்குத் தோட்டத்துல சோலி இருக்கும்."

அண்ணன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பின்னால் விட்டுவிட்டு ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார்.