புறப்பட்ட நேரம்

கதவைத் திறந்த அக்கா அவன் பெட்டியைக்கூட வாங்காமல், "வாங்க தொரை. எப்பக் கிளம்பினீங்க?" என்றாள்.

"நேத்துக் காலைல," என்றான். வாய் பழகிப்போயிருந்தது. இன்று காலை தன் வீட்டில் பல் துலக்கிவிட்டுக் கிளம்பியவன்தான். இங்கே இன்னும் சாயங்கால வெயில்கூட இறங்கவில்லை.

அவன் வேலை செய்யும் வெளிநாட்டிலிருந்து இங்கே ஐயாயிரத்து நானூற்று அறுபது கிலோமீட்டர். ஏழரை மணி நேரம். எட்டு வருடமாக விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். வேலைக்குப் போன புதிதில் அப்பா போனில் கேட்டபோது மட்டும், "ஒரே விமானம்தாம்ப்பா, ஆனா இருபத்தாறு மணி நேரம் ஆயிடும்," என்று சொல்லிவிட்டான். நல்லது கெட்டது ஒவ்வொன்றுக்கும் கூப்பிடாமல் இருக்கட்டும் என்றுதான். தூரத்தையும் கேட்டார். அதைச் சரியாகவே சொன்னான், தொழில் புத்தி.

அன்றிலிருந்து அவனைக் கூப்பிடலாம் என்று யார் பேச்செடுத்தாலும் அப்பாவே குறுக்கே விழுவார். "இருபத்தாறு மணி நேரம் குத்துக்கல்லாட்டம் உக்காந்து வரணும். பாவம், விடுங்க." போன மாதம் நெஞ்சில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனபோதும் அதையே சொல்லி, அக்காவின் போனைப் பிடுங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாராம். பத்தொன்பது நாள் கழித்து, அவர் தூங்கும்போதுதான் அக்கா அவனுக்குச் சொன்னாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். சட்டைக் கழுத்துக்குக் கீழே தையல் தழும்பின் மேல்நுனி தெரிந்தது.

"வாப்பா. இடுப்பு ஒடிஞ்சிருக்குமே?"

"அதெல்லாம் இல்லப்பா."

"இருபத்தாறு மணி நேரம்னா சும்மாவா?"

அவன் தண்ணீர்ச் செம்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் நேரம் குறித்தவர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கடிகாரமுள்'. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதுவார், கிண்டலுக்கு அசரமாட்டார்.

அந்த நோட்டு செம்புக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. அட்டையின் உள்பக்கத்தில், மங்கிய மையில் ஒரு வகுத்தல் கணக்கு. 5460-ஐ 26-ஆல் வகுத்து, 210. அடியில் அப்பாவின் குண்டு எழுத்து: 'விமானம் மணிக்கு 210-ல் போகாது. இருக்கட்டும்.' பக்கத்திலேயே தேதி. எட்டு வருடத்துக்கு முந்தையது.

அவன் அந்தத் தேதியை இன்னொரு முறை படித்தான்.

"அந்த நோட்டை இப்படிக் கொடு," என்றார் அப்பா. மடியில் வைத்து இன்றைய பக்கத்தைப் புரட்டினார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். வந்த நேரம்: 5.40. எழுதிவிட்டு, அதற்கு முந்தைய கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

"கிளம்பின நேரம் சொல்லு."

அவர் அவனைப் பார்க்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. காகிதத்தில் ஊன்றிய பேனா முனையைச் சுற்றி, வெற்றுக் கட்டத்தில் மை மெல்ல ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.