இடது சிறுநீரகம் பற்றிய விளக்கக் கடிதம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் வயிற்றைத்தான் தொட்டுக் காட்டவேண்டும். பதினான்கு வருடங்களாக அங்கே வேலை செய்துகொண்டிருப்பது என் தங்கையின் இடது சிறுநீரகம். அவள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் மூச்சுவிடவில்லை. "தழும்பைப் பாத்துக் கேட்டா, கல்லு எடுத்தாங்கன்னு சொல்லிடு" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கதை எழுதுகிறவன் அல்லவா, சரளமாக வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்நிய மண்ணில் வேரூன்றத் துடித்த ஒரு தம்பதி'

(அடித்துவிட்டேன். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வேரூன்றுவதெல்லாம் அவருக்குத் தெரியாது. நின்றுபோன லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று கிரீஸ் போடத் தெரியும்.)

கல்யாணமானதும் வெளிநாடு போனவர்கள், ஒன்பது வருடம் அங்கே இருந்த பிறகு, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். சமையலறை மேசையில் வைத்து இருவருக்கும் அவரே படிவம் நிரப்பினார். 'உறுப்பு ஏதேனும் நீக்கப்பட்டுள்ளதா?' என்ற இடம் வந்ததும், "கையும் காலும் முழுசாத்தானே இருக்கு?" என்று சிரித்தபடி 'இல்லை' என்று குறித்தார். தங்கை சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டே இருந்தாள்.

3

மருத்துவப் பரிசோதனை. ரத்தத்தில் ஏதோ அளவு கூடியிருக்கிறதென்று ஸ்கேனும் எடுத்திருந்தார்கள். தங்கை வேலை பார்ப்பது ரொட்டிக்கடையில். அந்த ஊர் மொழி அவளுக்குக் கடை அளவுக்குத்தான் வரும். எனவே மருத்துவர் கேட்பதை மாப்பிள்ளைதான் தமிழில் சொன்னார்.

"உன் இடது கிட்னி எங்கன்னு கேக்கறாரு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சிரித்தார். "மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் சரியாத்தாங்க இருக்கு. அது எங்க அண்ணன்கிட்ட இருக்கு."

அதை மருத்துவருக்குச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அப்போது அவர்

(இந்த வாக்கியத்தை நான்குமுறை எழுதிப் பாதியில் விட்டேன். இடி விழுந்ததுபோல், பேயறைந்ததுபோல்... எதுவும் ஒட்டவில்லை. தங்கை சொன்னதை அப்படியே வைக்கிறேன்: "கையில வச்சிருந்த என் பையை மெதுவா கீழ வச்சாருண்ணா. அவ்வளவுதான்.")

4

மறுநாள் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், ஒரு கிட்னி மட்டும் இருந்தாலும் பி.ஆர். கார்டு கிடைக்குமாம். பொய் சொன்னாத்தான் கிடைக்காதாம். முப்பது நாளுக்குள்ள விளக்கம் கொடுக்கணும்."

"மாப்ள, நான்..."

"உங்களுக்குக் கொடுத்ததுல எனக்குக் கோபமில்ல. தெரியாம, ஒன்பது வருஷமா அவளைத் தண்ணி கேன் தூக்க விட்டிருக்கேன் மச்சான். நீங்கதானே கதை எழுதறவரு. கடிதத்தையும் நீங்களே எழுதுங்க. இந்தத் தடவை நடந்ததை எழுதுங்க."

ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன்.

5

இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் விண்ணப்பம் தள்ளுபடி. இருவரும் பெட்டியோடு திரும்புகிறார்கள். மற்றதில் வசிப்புரிமை கிடைக்கிறது. மாப்பிள்ளை மன்னித்துவிடுகிறார், எல்லோரும் அழுகிறோம்.

நடந்தது வேறு. ஒரு மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.

"கார்டு ரெண்டும் வந்துடுச்சுண்ணா."

"அப்பாடா! மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சாரு. 'மனமுவந்து கொடுத்தாள்'னு எழுதியிருக்க இல்ல? அது நிஜமான்னு கேட்டாரு." அவள் குரலில் கோபமே இல்லை. "நீ யாரைக் கேட்டுண்ணா அப்படி எழுதின?"

ஆபரேஷனின்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா டாக்டரைக் கேட்டார். அம்மா சாமியைக் கேட்டாள். நான் கட்டிலில் கிடந்தேன். அவளைக் கேட்டது யார்?

"குறை சொல்லலண்ணா. அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியல. அன்னைக்கே யாராவது கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

6

வழக்கமாக இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவேன். இந்தமுறை கை வரவில்லை. பதினான்கு வருடம் தாமதமாக, அந்தக் கேள்வியை அவளிடமே கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தாள். பிறகு பதில் சொன்னாள்.

இதை எழுதி முடித்து, முழுக்க அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் அவள் சொன்ன பதிலையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்," என்றாள். "அது வேணாம்ணா. அதைத் தர மாட்டேன்."