நேற்று வராதவள்

அண்ணன் வீட்டில் துளசிமணியின் மேல் மூன்று வருடமாகக் குடை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மனநல ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரைச் சீட்டோடு திரும்பியவளை வாசல் பக்கமாக நிற்கச் சொன்னார்கள். நின்றாள். மறுநாள் அண்ணன் சென்னியப்பன் அவள் முழங்கையில் குடையை மாட்டினார். அண்ணி காய்கறிப் பையை மாட்டினாள். நல்ல குடும்பம் அது. ஊரே சொல்லும்.

வேளாவேளைக்குச் சோறு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் கிடையாது. குடை மாட்டுகிற இடத்தோடு எவன் பேசுவான்? மாத்திரை போட்டாயா என்பதைத் தவிர வேறு ஏதாவது ஒரு வார்த்தையைத் தன்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் ஏங்கிப்போனாள்.

மனநோயோடு தனித்துக் கிடப்பவர்கள் பகலில் வந்து உட்கார்ந்து போக ஈரோட்டில் ஒரு கூடம் திறந்திருப்பதாகப் பேப்பரில் வந்தது. குடைகளைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஏனுங், குடையெல்லாம் ஆரு கீழ போட்டது?" என்று அண்ணி கத்தியது தெருமுனை வரை கேட்டது.

கூடத்து வாசலில் 'எல்லோரும் வருக' என்று பலகை. அதற்குக் கீழே பூட்டு. பக்கத்து ஜன்னலில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். இடுப்புக்குக் கீழே அவர் பீரோவாக இருந்தார்.

"தனியா இருக்கறீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப, எப்பவும் உங்க கூடவே இருக்கற ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடோணும்."

"அப்படி ரெண்டு பேரு இருந்தா நான் ஏனுங்க இங்க வர்றேன்?"

"அதத்தானுங்க நாங்களும் எல்லாருகிட்டயும் கேக்கறோம்."

அடேயப்பா, என்ன நிர்வாகம்! திறந்து ஒன்பது மாதத்தில் இந்த வாசல் வழியாக ஒருத்தரையும் விடவில்லை. தரை அழுக்காகவில்லை என்று விருது வேறு வாங்கியிருந்தார்கள். விருதை அவர் தன் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"வீட்டுல என்னவா இருக்கறீங்க?" என்று கேட்டார்.

"குடை மாட்டற ஸ்டாண்டுங்க."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? தளவாடச் சாமானுக்குப் படிவமே வேண்டாம். பின்வாசல்ல போங்க."

பின்வாசலுக்குள் ஒரு நடை இருந்தது. அவள் நடக்க நடக்க அது நீண்டது. இருபுறமும் திறப்பு விழாப் போட்டோக்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள் ஒரே ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தார். ரிப்பனுக்கே சலித்துப்போயிருக்கும். ஒருவழியாக டீ வாசம் வந்த இடத்தில் நடை முடிந்தது.

கேரம் போர்டைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பின்வாசல் வழியாக வந்தவர்கள்தான். சம்பூரணம் என்ற அம்மாள் மகன் வீட்டில் ஸ்டூலாக இருந்தவள். அவள் துளசிமணியை முறைத்தாள்.

"நேத்து ஏன் வரல?"

துளசிமணி இந்தக் கட்டடத்தையே இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"முந்தாநாளும் வரல. ஆட்டத்த அப்படியே வெச்சுட்டு உக்காந்திருக்கறோம். உனக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லயோன்னு இந்தண்ணன் ஒரு வாய் டீ குடிக்கல. வர முடியலன்னா ஒரு வார்த்த சொல்லி உட வேண்டாமா?"

தன்னைக் காணோமே என்று ஒருத்தி திட்டுகிறாள்! துளசிமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"தப்புத்தானுங்க்கா. நாளைக்கு நேரத்துலயே வந்தர்றேன்."

"செரி, அழுவாத. உக்காரு. உன்ற ஆட்டந்தான்."

உட்கார்ந்தாள். அவளுக்குக் கறுப்புக் காய். அதில் இரண்டை அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள்.