பட்டகக் கண்ணாடி

புத்தூரில் பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மகனின் மூக்குக்கண்ணாடியையும் கழற்றச் சொன்னாள் ரத்தினம்மா.

"சோடாபுட்டியாட்டம் இதெப் போட்டுக்கினு உள்ள வராதே. கல்யாணம் முடியட்டும், அப்பறம் போட்டுக்கோ."

கோவர்த்தனன் மறுக்கவில்லை. கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்ததும் வாசற்படி இரண்டானது. போன வருஷம் விஜயபுரத்தில் மாட்டுவண்டி கவிழ்ந்து விழுந்தபோது முறிந்த கையை, இதே புத்தூரில் கட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள். தலையில் பட்ட அடியில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்ததற்குத்தான் மெட்ராஸ் வரை போய் இந்தக் கண்ணாடியை வாங்க வேண்டியிருந்தது.

தாட்சாயணி காபி கொண்டுவந்தாள். திருப்பதியில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அவனுக்கு இரண்டு தாட்சாயணிகள், இரண்டு டம்ளர்கள். வலப்பக்கத்து டம்ளரைப் பிடிக்கக் கையை நீட்டினான். அங்கே ஒன்றுமில்லை. முழங்கை மற்றதில் இடித்து, சூடான காபி அவள் விரல்களிலும் அரக்குப் புடவையிலும் கொட்டியது.

"ஏண்டி, ஒரு டம்ளரெ ஒழுங்கா புடிக்கத் தெரியாதா?" என்று பாய்ந்தாள் அவளுடைய அத்தை கங்கம்மாள். "நாலு பேர் எதிர்ல இப்பிடியா கை நடுங்கும்?"

"சின்னப் பொண்ணு. கூச்சம்," என்றாள் ரத்தினம்மா, மகனைப் பார்க்காமல்.

கோவர்த்தனன் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. சொன்னால் இந்தப் பெண் கிடைக்கமாட்டாள் என்ற பயம்.

தாட்சாயணி விரல்களை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, "தப்பு என்னுதுதான் அத்தே," என்றாள்.

அவன் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியைத் தொட்டான்.

"அவங்க சரியாத்தான் குடுத்தாங்க," என்றான். "எனக்குத்தான் டம்ளர் ரெண்டா தெரிஞ்சிது."

அம்மா இடுப்பில் இடித்தாள். அவன் கண்ணாடியை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்து, விழுந்த கதையைச் சொன்னான்.

"அதான் பார்த்தேன். படியேறசொல்ல தடுமாறினதெப் பார்த்து நான் சாராயம்னு நெனச்சிட்டேன்," என்றாள் கங்கம்மாள்.

பெண்ணின் அப்பா ஏழுமலை பேச்சை மாற்றப் பார்த்தார். "ரெண்டா தெரியறது உனக்கு மட்டுமா தம்பி? இந்த எல்லைத் தகராறுல நம்ப ஊரே ஒரு நாள் ஆந்திராவா தெரியுது, மறுநாள் மெட்ராஸா தெரியுது." யாரும் சிரிக்கவில்லை.

தாட்சாயணி கண்ணாடியைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் மெலிந்திருந்தது.

"பட்டகமா இது?"

"ஆமா. டாக்டர் பிரிசம்னார். கிரேக்க பாஷையில அறுத்து எடுத்ததுன்னு அர்த்தமாம்."

"டிரெயினிங்ல காட்டினாங்க. வெளிச்சத்தெ ஏழு நெறமா பிரிக்கும்."

"எனக்குப் பிரிஞ்சி கீறதெ ஒண்ணா சேக்குது."

அவள் முகம் இளகவில்லை. "கண்ணு இப்பிடின்னு வந்ததுமே சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நான் திட்டு வாங்கசொல்ல சும்மா குந்திக்கினு இருந்தீங்களே."

அவள் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்குங்க. வேற காபி கொண்டாறேன். அடுத்த வாட்டி வரசொல்லயும் போட்டுக்கினே வாங்க."

அடுத்த வாட்டி என்றதும் ரத்தினம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

தாட்சாயணி திரும்பி வந்தாள். ஒரே தாட்சாயணி, ஒரே டம்ளர். இந்த முறை சரியாகப் பிடித்துக்கொண்டான். அவள் விரலில் எழும்பியிருந்த கொப்புளம் நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.